சிக்கிள் செல் நோயாளிகளுக்கு ஒரு செயலி: எல்லோரும் சேர்ந்து வடிவமைப்பது எப்படி, பலனை அளப்பது எப்படி?

கேள்வி: பந்தலூர் மருந்தாளுநர்

வணக்கம். பந்தலூர் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பங்கள். அப்புறம் தேயிலைத் தோட்ட லயன்களில் இருப்பவர்கள். இவர்களில் சிக்கிள் செல் நோய்க்காகத் தொடர்ந்து ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து சாப்பிடுகிறவர்களைப் பற்றிக் கேட்கவே இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய் இது. இந்தியாவில் இதை முதலில் கண்டு 1952-ல் எழுதியதே நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ஹைட்ராக்ஸியூரியா வலி வருவதைக் குறைக்கும். ஆனால் வெள்ளையணுக்களையும் தட்டணுக்களையும் இறக்கிவிடவும் கூடும். அதனால் டோஸ் ஏற்றும் காலத்தில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, டோஸ் நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்த்தாக வேண்டும். எண்ணிக்கை பார்க்காமல் மருந்து கொடுக்க எனக்குப் பயம். கொடுக்காமல் திருப்பி அனுப்பினால் அடுத்த மழையில் வலியோடு வந்து படுப்பார்களே என்று அதைவிடப் பயம்.

இப்போது ஒருவர் மருந்து வாங்க வேண்டும் என்றால் காலையில் ஜீப் பிடித்து வருகிறார், ரத்தம் கொடுக்கிறார், முடிவுக்குக் காத்திருக்கிறார், டாக்டரைப் பார்க்கிறார், என் ஜன்னலுக்கு வருகிறார். ஒரு நாள் கூலி போய்விடுகிறது. சாயங்காலம் ஆனால் யானை நடமாட்டம். அதனால் மத்தியானமே பாதியில் எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு.

எங்கள் யோசனை இதுதான். களப்பணியாளர் ஊருக்குப் போகும்போதே ரத்தம் எடுத்து வருவார். ஆய்வகம் முடிவைச் செயலியில் ஏற்றும். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நோயாளியோடு போனில் பேசுவார். மருந்து களப்பணியாளர் கையில் போகும். இதற்கு ஒரு நன்கொடையாளர் பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் வந்து ஒரு மாதிரியைக் காட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சிக்கல் கூட்டத்தில் வந்தது. டாக்டருக்கு எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் வரைபடமாக வேண்டும். ஆய்வக நுட்பநர் மாதிரிக் குழாய்க்கு எண் வேண்டும் என்கிறார். எண்ணிக்கை இல்லாமல் மருந்து கொடுக்கும் பொத்தானே வேலை செய்யக் கூடாது என்பது என் கோரிக்கை. களப்பணியாளர்கள் நான்கு பேரும் வாயே திறக்கவில்லை. டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நன்கொடையாளரோ மாதம் எத்தனை பேர் செயலியைத் திறந்தார்கள், எத்தனை தொலை ஆலோசனை நடந்தது என்று அறிக்கை கேட்கிறார்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். இத்தனை தொழில்காரர்களும் உண்மையாகவே சேர்ந்து ஒன்றை வடிவமைப்பது எப்படி? ஒரு வருடம் கழித்து இது நோயாளிக்கு உதவியதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

---

பதில்: குன்னூர் வாசகர்

ஏற்கெனவே அரசின் தொலை ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி இருக்கிறதே? நம் மாநிலத்தில் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். தனியாக ஒரு செயலி எதற்கு? பணம் போட்டுச் செய்து, நிதி நின்றதும் மூடிவிட்டுப் போனவை எத்தனையோ பார்த்தாயிற்று.

---

பதில்: பந்தலூர் மருந்தாளுநர்

நியாயமான கேள்வி. ஆலோசனைக்கு அதையே பயன்படுத்தலாம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எங்களுக்குத் திணறல் அந்தப் பத்து நிமிடப் பேச்சில் இல்லை. ரத்தம் எடுப்பது, குழாய் ஆய்வகம் வந்து சேர்வது, முடிவு டாக்டர் கண்ணில் படுவது, மருந்து ஊருக்குப் போவது, இவைதான் ஒன்றோடொன்று கோர்க்காமல் கிடக்கின்றன.

---

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், கோத்தகிரி

தம்பி, கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக ஆரம்பித்து, பிறகு மேற்பார்வைப் பொறுப்புக்கும் வந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் பதிவில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். "களப்பணியாளர்கள் நான்கு பேரும் வாயே திறக்கவில்லை." உங்கள் செயலி பிழைக்குமா பிழைக்காதா என்பது அங்கேதான் இருக்கிறது.

அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. டாக்டர் பேசி முடித்த பிறகு, திரையில் ஒரு படத்தைக் காட்டி "உங்கள் கருத்து என்ன" என்று கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். அடுத்த கூட்டத்தைத் திரை இல்லாமல் நடத்துங்கள். முதலில் அவர்கள் நான்கு பேரும் நீங்களும் மட்டும் உட்காருங்கள். ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் போதும். ஒரு ரத்தக் குழாய் நோயாளியின் கையிலிருந்து கிளம்பி, மருந்தாக அவர் வீட்டுக்குத் திரும்பி வரும் வரை யார் கையிலிருந்து யார் கைக்கு மாறுகிறது என்று வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு கை மாறும் இடத்திலும் மூன்றே கேள்விகள்: அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? அவர் அன்று லீவு என்றால் யார்? பார்க்காமல் விட்டுவிட்டால் எப்போது, யாருக்குத் தெரியவரும்? இந்தக் காலண்டரோடு டாக்டர், ஆய்வகம், மென்பொருள்காரர்கள் இருக்கும் கூட்டத்துக்குப் போங்கள். டாக்டரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லி, கடைசியில் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல டாக்டர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இதை நான் சும்மா முறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நோயாளிகள் தொலைந்துபோவது அந்தக் கை மாறும் இடங்களில்தான். டாக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்வார், ஆய்வகமும் சரியாகச் செய்யும், ஆனாலும் ஒரு பிள்ளைக்கு மூன்று மாதமாக மருந்து போயிருக்காது. ஒவ்வொருவரும் தன் மேசையைப் பார்த்துத் திரையைக் கேட்டால், மேசைகளுக்கு நடுவில் விழுகிற நோயாளிக்குத் திரையே இருக்காது.

அப்புறம் உங்கள் பதிவில் யாருமே கேட்காத ஒன்று. ஹைட்ராக்ஸியூரியா சாப்பிடுகிற இளம்பெண்கள் இருப்பார்கள் அல்லவா? கர்ப்பம் என்று தெரிந்தால் இந்த மருந்தைத் தொடர்வது பற்றி டாக்டர் உடனே முடிவெடுக்க வேண்டும், பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். அதைக் கேட்டு அறிவது யார்? ஆண் களப்பணியாளர் கேட்டால் அந்தப் பெண் சொல்ல மாட்டாள். வீட்டுக்காரரின் போனில் டாக்டர் பேசும்போதும் சொல்ல மாட்டாள். பெண் களப்பணியாளர் ஒருவர் தனியாகக் கேட்க வேண்டும். கேட்ட பதில் டாக்டருக்கும் மருந்தாளுநருக்கும் மட்டும் தெரிய வேண்டும். செவிலியர் ஒருவர் மேசையில் இருந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே இது வந்திருக்கும். உங்கள் மருத்துவமனை சிஸ்டர்களை ஏன் கூப்பிடவில்லை? உங்கள் பட்டியலில் ஒருவரைக்கூடக் காணோம்.

காய்ச்சல் விஷயமும் அப்படித்தான். சிக்கிள் செல் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தொலை ஆலோசனைக்கு நேரம் குறித்துக் காத்திருக்கக் கூடாது. இவர்களுக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாததால் தொற்று வேகமாக ஏறும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பும் அதே மாதிரி. அதனால் செயலியில் காய்ச்சல் என்று தொட்டதும் வர வேண்டிய அடுத்த திரை "உடனே கிளம்புங்கள், வண்டிக்கு இந்த எண்" என்பதுதான். கடுமையான வலிக்கும் தொலை ஆலோசனையை நம்ப வைக்காதீர்கள். மார்ஃபின் மாதிரியான போதைமருந்துப் பட்டியலில் உள்ளவற்றைத் தொலைவிலிருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது என்று 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறையே சொல்கிறது. வலியில் துடிக்கிறவரை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்து என்ன செய்வது?

வீட்டுக்கு மருந்து போவது மக்களுக்குப் புதிதல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருவதை நம் மலையிலும் பார்த்துவிட்டார்கள். அந்த நம்பிக்கை உங்களுக்கு உதவும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பிரஷர் இருப்பதை யாரும் மறைப்பதில்லை. சிக்கிள் செல் என்றால் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமக்கிறவர்கள்கூட வெளியே சொல்ல யோசிக்கிறார்கள். ஒரே போனை வீடே பயன்படுத்துகிறது, பக்கத்து வீட்டுப் பையனும் வாங்கி விளையாடுகிறான். அந்தப் போனுக்கு நோயின் பெயரோடு குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள். "ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுகிறார்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பணியர் வீட்டில் பேசுவது அவர்கள் மொழி. பாட்டிகளுக்குத் தமிழ் எழுத்தும் பழக்கமில்லை, மலையாள எழுத்தும் இல்லை. அவர்கள் ஊர்ப் பெண் ஒருவரின் குரலிலேயே பேச்சைப் பதிவு செய்து வைத்தால் கேட்பார்கள். வலிக்கு ஒன்றிலிருந்து பத்து வரை எண் கேட்காதீர்கள். வேலைக்குப் போக முடிந்ததா, பிள்ளை பள்ளிக்குப் போனானா, ராத்திரி தூங்கினாயா, இவற்றைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. செயலி வந்தால் களப்பணியாளரின் பையிலிருந்து எந்த நோட்டு வெளியே போகும்? அதைக் கூட்டத்திலேயே முடிவு செய்து எழுதி வாங்குங்கள். எல்லா நோட்டும் இருக்கும், செயலியும் இருக்கும் என்றால் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க நடந்ததை ஞாபகத்திலிருந்து ஏற்றுவார்கள். அப்படி ஏறுகிற விவரத்தில் நேரம், தேதி எதுவும் உண்மையாக இருக்காது.

---

பதில்: ஆய்வக நுட்பநர், கூடலூர்

அக்கா சொன்ன கை மாறும் இடங்களோடு எங்கள் பக்கத்திலிருந்து சில. ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை அறை வெப்பநிலையில் 24 மணி நேரத்துக்குள் கருவியில் ஓட்டிவிடுவது நல்லது. குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்து வந்தால் தட்டணு எண்ணிக்கை பொய்யாகக் குறைவாகக் காட்டும், டாக்டர் அதை மருந்தின் விளைவு என்று நினைப்பார். அதனால் எடுத்த நேரம், வந்த நேரம் இரண்டும் பதிவாக வேண்டும். "மாதிரி சரியில்லை, மறுபடி எடுங்கள்" என்று சொல்ல எங்களுக்கு ஒரு பொத்தான் வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். கருவி வெள்ளையணுவை 4.2 என்று அச்சிடும், சிலர் 4200 என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே அளவுதான். செயலியில் அலகைப் பூட்டி வைக்காவிட்டால் எச்சரிக்கை ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஒலிக்காது, வேண்டாத நேரத்தில் ஒலிக்கும். கருவியிலிருந்து நேரடியாக ஏற முடிந்தால் கையால் தட்டச்சு செய்வதையே விட்டுவிடுங்கள்.

ஊரில் ஒரே பெயரில் நாலைந்து மாறன், பொம்மன் இருப்பார்கள். பெயரையும் வயதையும் மட்டும் நம்பிக் குழாயில் சீட்டு ஒட்டாதீர்கள்.

---

பதில்: மென்பொருள் பொறியாளர், கோவை

உங்களிடம் வந்த அந்த இருவர் நாங்கள் அல்ல. ஆனால் மருத்துவமனை மென்பொருளில்தான் வேலை செய்கிறேன், அதனால் எங்கள் தரப்பிலிருந்து.

முதலில் அந்தப் பொறியாளர்களை உங்கள் களப்பணியாளரோடு ஜீப்பில் அனுப்புங்கள். மழைக்காலத்தில் அனுப்பினால் இன்னும் நல்லது. தேவாலா மழையில் மின்சாரம் போய், டவரும் போனால் என்ன ஆகும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து யோசிப்பது வேறு, கையில் நனைந்த போனோடு நிற்பது வேறு. இணைப்பு இல்லாமலே முழு வேலையும் நடக்க வேண்டும், இணைப்பு கிடைத்ததும் தானாக ஏற வேண்டும். இதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிட்டத்தட்டத் திரும்பக் கட்டுகிற வேலை ஆகிவிடும்.

இரண்டாவது, எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவு மென்பொருளின் அடித்தளத்தில் செய்த பாம்னி என்ற திறந்த மூல (மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) மருத்துவமனை மென்பொருள் இருக்கிறது. அது வளர்ந்த கதையே உங்கள் கேள்விக்குப் பொருத்தம். சத்தீஸ்கரில் கனியாரியில் உள்ள ஒரு கிராமப்புற மருத்துவமனையின் தேவைகளை வைத்து, அங்கிருந்தவர்களோடு வேலை செய்து உருவானது. அங்கும் பழங்குடி நோயாளிகள், சிக்கிள் செல், தூரம், எல்லாம் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தாவிட்டாலும் மூலநிரல் உங்கள் கையில் இருக்கும்படியான ஏற்பாடாக இருக்கட்டும். நிதி நின்றதும் மூடிவிடுவது பற்றிக் குன்னூர் நண்பர் கேட்டது சரியான பயம். விவரங்களை எந்த நேரமும் சாதாரண அட்டவணையாக வெளியே எடுக்க முடியும் என்ற நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவது, உங்கள் கோரிக்கை. எண்ணிக்கை இல்லாவிட்டால் மருந்து கொடுக்கும் பொத்தான் வேலை செய்யக் கூடாது என்கிறீர்கள். செய்து தரலாம். ஆனால் கருவி பழுதாகி இரண்டு நாள் ஆய்வகமே ஓடவில்லை என்றால்? பூட்டு போட்டால் சாவியும் வேண்டும்: டாக்டர் காரணம் எழுதித் திறக்கலாம், திறந்ததெல்லாம் ஒரு பட்டியலில் நிற்கும், மாதம் ஒருமுறை நீங்களும் டாக்டரும் அதைப் பார்ப்பீர்கள். அப்படி ஒரு வழி இல்லாவிட்டால் மக்கள் செயலிக்கு வெளியே தங்களுக்கென ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அங்கே நடப்பது எதுவும் உங்கள் கண்ணில் படாது.

எச்சரிக்கைகளைக் குறைவாக வையுங்கள். டாக்டர் போனில் நாள் முழுக்க மணி அடித்தால் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். எந்த எண்ணுக்குக் கீழே போனால் மணி அடிக்க வேண்டும் என்பதை டாக்டர் எழுத்தில் தரட்டும், நாங்கள் ஊகிக்கக் கூடாது.

விவரப் பாதுகாப்பு பற்றி: 2023-ல் வந்த எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோருமே குழந்தைகள்தான், பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். மருத்துவமனைகளுக்குச் சில விலக்குகள் உண்டு, அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொலை ஆலோசனைக்கு இன்னொரு விதி தனியாக உண்டு. நோயாளியே கூப்பிட்டால் ஒப்புதல் இருப்பதாகக் கொள்ளலாம். சுகாதாரப் பணியாளர் கூப்பிட்டுத் தொடங்கினால் வெளிப்படையான ஒப்புதல் வாங்க வேண்டும். உங்கள் ஏற்பாட்டில் தொடங்குவது களப்பணியாளர்தான், ஆகவே ஒவ்வொரு முறையும் கேட்டுப் பதிய வேண்டும். அதற்குக் குரல் பதிவே போதுமானதாக இருக்கும்.

---

பதில்: சமூக மருத்துவ ஆசிரியர்

வடிவமைப்பைப் பற்றி மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அளவீடு என்றதும் எல்லோரும் கடைசி மாதத்தில்தான் யோசிக்கிறார்கள். உங்கள் அளவீடு செயலி வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

மழையைக் கவனியுங்கள். குளிரும் ஈரமும் வலியைத் தூண்டும். நீங்கள் ஏப்ரலில் பழைய நிலையைக் கணக்கெடுத்து, மே மாதம் செயலியைத் தொடங்கி, ஜூலையில் பார்த்தால் வலியோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் கூடியிருப்பார்கள். செயலி கெடுதல் செய்தது என்று தோன்றும். ஆகஸ்டில் தொடங்கி ஜனவரியில் பார்த்தால் எல்லாம் குறைந்திருக்கும், செயலி அற்புதம் என்று அறிக்கை எழுதுவீர்கள். இரண்டுமே பொய். போன வருடத் தென்மேற்குப் பருவமழை மாதங்களோடு இந்த வருடத்தின் அதே மாதங்களைத்தான் ஒப்பிட வேண்டும். பழைய உள்நோயாளிப் பதிவேடு உங்களிடம் இருக்கும். அதை இப்போதே எடுத்து மாத வாரியாக எண்ணி வையுங்கள்.

அடுத்தது எண்ணிக்கையின் சிறுமை. உங்கள் மாதிரி மருத்துவமனையில் மாதத்துக்கு ஒரு சில சேர்க்கைகளே இருக்கும். மூன்று இரண்டானதும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று எழுதாதீர்கள். ஒரு வரைதாளில் மாதத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள், நடுவே இடைநிலைக் கோடு (பாதிப் புள்ளிகள் மேலேயும் பாதி கீழேயும் இருக்கும்படியான கோடு) போடுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று பேசலாம். இதற்குக் கணினிகூட வேண்டாம். சுவரில் ஒட்டி வைத்தால் களப்பணியாளரும் பார்ப்பார்.

சேர்க்கை குறைந்ததா என்பது தெரிய காலம் எடுக்கும். அதுவரை பார்க்க வேண்டியது, செவிலியர் அம்மா வரையச் சொன்ன அந்தக் கை மாறும் இடங்களின் நேரம். ரத்தம் எடுக்க வேண்டிய நாளில் எத்தனை பேருக்கு எடுத்தோம்? எடுத்ததிலிருந்து முடிவு வரை எவ்வளவு நேரம்? முடிவு வந்து டாக்டர் பார்க்கும் வரை எவ்வளவு? ஆபத்தான எண்ணிக்கை வந்தபோது நோயாளியின் காதுக்குச் செய்தி போய்ச் சேர எவ்வளவு? மருந்து இல்லாமல் ஒருவர் எத்தனை நாள் இருந்தார்? இந்தக் கடைசிக் கேள்வி உங்களுடையது, மருந்தாளுநரின் பதிவேட்டில் மட்டுமே இதற்குப் பதில் இருக்கிறது. சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், மிகவும் தாமதமான ஐந்து பேரை மாதந்தோறும் எடுத்து ஏன் என்று கேளுங்கள். எனக்குக் கற்றுத் தந்தது எப்போதும் அந்த ஐந்து பேர்தான்.

முடிந்தால் எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஊர்களை நான்கு குழுவாகப் பிரித்து, எந்தக் குழு முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, இரண்டு மூன்று மாத இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். எல்லோருக்கும் கிடைத்துவிடும், யாருக்கும் அநியாயம் இல்லை. ஒரே மழையில் செயலி வந்த ஊரையும் வராத ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியும்.

செயலி பயன்படுத்த எளிதா என்பதற்கு 1986-லிருந்து புழங்கும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பயன்பாட்டு அளவுகோல் உண்டு. நூற்றுக்கு 68 என்பதைச் சராசரியாகக் கொள்வார்கள். களப்பணியாளர்களிடம் தமிழில் வாய்மொழியாகக் கேளுங்கள், ஆனால் செயலியைச் செய்தவர்களே கேட்கக் கூடாது, வெளியாள் கேட்கட்டும். நான்கே பேர் என்பதால் அந்த எண்ணைவிட, போனை அவர்கள் கையில் கொடுத்து ஒரு நோயாளியைப் பதியச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பது அதிகம் சொல்லும்.

கெடுதலையும் அளவிடுங்கள். நேரில் வருவது குறைந்ததால் எதைத் தவறவிட்டோம்? குழந்தையின் எடை, மண்ணீரல் வீக்கம், கண் மஞ்சள், இவை போனில் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட எண்முறைச் சேவை வழிகாட்டியும் தொலைமருத்துவம் நேர்முகச் சிகிச்சைக்குத் துணையாக இருக்க வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல என்றே சொல்கிறது. அதே நிறுவனத்தின் 2016-ம் ஆண்டுக் கண்காணிப்பு, மதிப்பீட்டுக் கையேடும் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் நன்கொடையாளருக்கு அதைக் காட்டலாம். எத்தனை பேர் திறந்தார்கள் என்பது, செயலி வேலை செய்கிறதா என்ற முதல் படிக் கேள்வி மட்டுமே என்பது அதைப் படித்தால் விளங்கும்.

செயலியை விட்டுப் போனவர்களிடமும் பேசுங்கள். பந்தலூர்க்காரர்கள் பலர் எல்லை தாண்டிக் கேரளாவில் உள்ள சுல்தான் பத்தேரிக்கோ மேப்பாடிக்கோ மருத்துவத்துக்குப் போகிறார்கள். உங்கள் பட்டியலில் காணாமல் போனவர் அங்கே நல்ல சிகிச்சையில் இருக்கலாம், அல்லது எந்த மருந்தும் இல்லாமல் வீட்டில் படுத்திருக்கலாம். இரண்டையும் ஒரே வெற்றுக் கட்டமாகக் காட்டுகிற செயலி உங்களுக்கு வேண்டாம்.

---

பதில்: பந்தலூர் மருந்தாளுநர்

எல்லோருக்கும் நன்றி. காலண்டர் யோசனையை நேற்று செய்து பார்த்தோம். எங்கள் தலைமைச் செவிலியரையும் அழைத்தேன். களப்பணியாளர்களில் மூத்தவர் முதல் முறையாகப் பேசினார். டாக்டர் எல்லோரையும் சாயங்காலம் நான்கு மணிக்குக் கூப்பிட நினைத்திருந்தார். அந்த நேரத்தில் போன் வீட்டில் இருக்காது, தோட்டத்திலிருந்து ஆள் திரும்பியிருக்க மாட்டார், காலையில் தேயிலைக்குப் போவதற்கு முன் ஏழு மணிக்குக் கூப்பிடுங்கள் என்றார். டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். இத்தனை மாதம் நாங்கள் பேசியதில் இது வரவே இல்லை.

கை மாறும் இடங்கள் ஒன்பது வந்தன. இரண்டு இடத்தில் யார் பொறுப்பு என்று எழுத எவர் பெயரும் கிடைக்கவில்லை. ஒன்று, ராத்திரி வருகிற ஆய்வக முடிவு. இன்னொன்று, பத்தேரிக்குப் போய் டோஸ் மாற்றிக்கொண்டு வருகிறவர்.

நன்கொடையாளரை மட்டும் எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. அவர் நல்லவர்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மாதம் ஒரு எண் வேண்டும் என்கிறார்.

---

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், கோத்தகிரி

அவருக்கு ஒரு எண் கொடுங்கள், ஆனால் எந்த எண் என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள். "இந்த மாதம் ரத்தம் பார்க்க வேண்டியவர்கள் இத்தனை பேர், குறித்த நாளுக்குள் பார்த்து மருந்தும் கைக்குப் போனவர்கள் இத்தனை பேர்." எத்தனை பேருக்கு எத்தனை பேர், அவ்வளவுதான். அவர் கேட்கிற தொலை ஆலோசனை எண்ணிக்கையையும் கீழே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், மறைக்க வேண்டாம். முடிந்தால் அவரையும் ஒருநாள் களப்பணியாளரோடு ஊருக்கு அனுப்பி வையுங்கள். பணம் தருகிறவர்கள் பலருக்கு நோயாளியைப் பார்க்கிற வாய்ப்பே கிடைப்பதில்லை.

மக்கள் தங்கள் பக்கத்திலிருந்து ஒத்துழைக்க வேண்டும் என்றால் அவர்கள் கைக்கும் ஏதாவது வர வேண்டும் தம்பி. கர்ப்பிணிகளுக்கான ஆர்.சி.எச். எண்ணை ஏன் எந்த வீட்டிலும் மறக்காமல் கேட்டு வாங்கினார்கள் என்றால், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவைப்பட்டது. நீங்கள் கேட்கும் விவரத்துக்குப் பதிலாக நோயாளிக்கு ஒரு அட்டை கொடுங்கள்: கடைசி எண்ணிக்கை, இப்போதைய டோஸ், கடைசி மாற்றம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண். தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். நோயின் பெயர் அட்டையின் வெளிப்பக்கம் வேண்டாம். பத்தேரி டாக்டர் அதைப் பார்த்து டோஸ் மாற்றினால் அதிலேயே எழுதி அனுப்புவார். உங்கள் இரண்டாவது வெற்றிடத்துக்கு இப்போதைக்கு அதுவே வழி. செயலி எல்லை தாண்டிப் பேசும் காலம் வரும்போது வரட்டும்.

ராத்திரி முடிவுக்கு: வார்டில் இரவுப் பணியில் எப்படியும் ஒரு சிஸ்டர் இருப்பார். ஆபத்தான எண்ணிக்கை என்றால் ஆய்வகம் அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் டாக்டரை எழுப்ப வேண்டும். ஆனால் இதை அவர் தலையில் கட்டுவதற்கு முன் அவரிடமே கேளுங்கள். இரவில் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார், இதற்கு நேரம் இருக்குமா, எந்த எண்ணுக்கு டாக்டரை எழுப்பலாம் என்று எழுத்தில் இருக்கிறதா என்று. அது எழுத்தில் இல்லாவிட்டால் எந்த சிஸ்டரும் ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பத் தயங்குவார்.

---

பதில்: பந்தலூர் மருந்தாளுநர்

கேட்கிறேன் அக்கா. இந்த வாரம் இரவுப் பணியில் இருப்பவரே அடுத்த கூட்டத்துக்கு வருகிறார். கூட்டத்தை அவர் பணி முடிகிற காலை எட்டு மணிக்கு மாற்றியிருக்கிறோம். எழுப்ப வேண்டிய எண்களை டாக்டர் எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன இரண்டு வருட மழைக்காலச் சேர்க்கைகளைப் பதிவேட்டிலிருந்து மாத வாரியாக எண்ணும் வேலையை நான் இன்று தொடங்கிவிட்டேன். அட்டையின் மாதிரியை முடித்ததும் இங்கே போடுகிறேன். மலையாளம் எழுதத் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்துத் தர வேண்டும்.